கை நின்ற நேரம்

டிப்போவில் அவருக்கு நிதானம் என்றுதான் பெயர். இருபத்தேழு வருஷம் பேருந்து ஓட்டியவர். ஒரு நாய்க்குட்டியின் வாலைக்கூட நசுக்கியதில்லை. வயதானவர்கள் யாராவது ஏறினால், அவர்கள் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, ஒரு பெருமூச்சு விட்ட பிறகுதான் வண்டியை நகர்த்துவார். பின்னால் நிற்கிற வண்டிகள் எத்தனை ஹாரன் அடித்தாலும் அவர் காதில் விழாது. "நிதானம் வண்டியில ஏறினா தூங்கிக்கிட்டே போகலாம், ஆனா நேரத்துக்குப் போக முடியாது" என்று டிப்போவில் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடைக்குப் பின்னால் ஓர் அலமாரி அளவு அறையில் உட்கார்ந்து, சட்டத்துக்குத் தகுந்தபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக் கொடுப்பாள். பிள்ளை குட்டி இல்லை. இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. அவருக்கு ஒரே ஒரு தங்கை. ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணனோடு போனில் பேசுவாள்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது நடந்தபோது ஒரு நாள், மனைவியின் அம்மா இறந்துபோன செய்தி வந்தது. அவள் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் வாசலில் நின்று சற்று நேரம் பார்த்தார். பிறகு, "சரி, சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

அவளுக்கு அழுகை பட்டென்று நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் தும்மினால்கூட எழுந்து வந்து பார்க்கிற மனுஷன். வேறு எவளோ இருக்கிறாள் என்று நினைத்தாள். இரண்டு மாதம் அவர் சட்டைப் பைகளைத் துழாவினாள். கிடைத்ததெல்லாம் மிட்டாய்க் காகிதங்கள்தான். கை நிறைய, பை நிறைய.

ஒரு மாலை அவரோடு வேலை பார்க்கும் கண்டக்டர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அக்கா, சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். போன வாரம் ஒரு பொண்ணோட பையத் திறந்து, டப்பால இருந்த சாப்பாட்ட எடுத்துத் தின்னுட்டாரு. எப்படியோ சமாளிச்சேன். இன்னிக்கு சிவப்பு விளக்குல நிக்கல அக்கா. உள்ள நாப்பது பேரு. ஒரு லாரி மயிரிழையில தப்பிச்சுது. ஏன் அண்ணேன்னு கேட்டா, நின்னு நின்னு சலிச்சுப் போச்சுங்கறாரு. சொல்லிட்டு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பப் பாத்துட்டுதான் நேரா இங்க வந்தேன்."

மறுநாளே அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரி, படம், பரிசோதனை என்று நான்கு மாதம் ஓடியது. கடைசியில் ஒரு டாக்டரம்மா, மூளைப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"மூளையோட முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமா சுருங்குதும்மா. சாதாரண மறதி நோய் மாதிரி இது இல்ல. ஊர், பேரு, பாதை எல்லாம் இப்போதைக்கு ஞாபகம் இருக்கும். ஆனா எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாதுங்கற கட்டுப்பாடு போயிடும். அடுத்தவங்க வலி அவருக்குப் புரியாது."

"என்மேல கோபமா டாக்டர்? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"கோபமே இல்லம்மா. அவர் வேணும்னு எதுவும் செய்யல."

"மருந்து?"

"படபடப்பக் குறைக்கலாம். நோய நிறுத்த முடியாது."

ஃப்ரண்டோடெம்பொரல் டிமென்ஷியா என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெயர் அவள் வாயில் கடைசிவரை நுழையவில்லை. கேட்டவர்களிடம் "மூளைத் தேய்மானம்" என்றாள். கேட்டவர்களும், அப்படியா என்று தலையாட்டிவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறார் என்பதுபோல் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

நாத்தனார் நம்பவே இல்லை. "எங்கண்ணனுக்கா? போன வாரம் என்கிட்ட நல்லாத்தானே பேசினான்? என் பழைய ஸ்கூல் பஸ் நம்பரச் சரியா சொன்னானே? நீங்க சும்மா வீட்டுல பூட்டி வச்சு அவன நோயாளி ஆக்கிடாதீங்க அண்ணி."

பூட்டித்தான் வைக்க வேண்டியிருந்தது. அடங்காத பசி அவருக்கு. பசி என்றுகூடச் சொல்ல முடியாது. கண்ணில் பட்டது வாய்க்குள் போக வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் சர்க்கரை டப்பா காலி. இன்னொரு நாள் பாத்திரம் துலக்கும் சோப்பில் பல் பதிந்திருந்தது. மெல்லவும் மாட்டார். ஒன்று இறங்குவதற்குள் அடுத்ததைத் திணிப்பார். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு நிற்கும். விழுங்கும் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள்தான், அடைத்துக்கொண்டால் முதுகில் எப்படித் தட்டுவது, பின்னாலிருந்து எப்படிக் கட்டிப்பிடித்து வயிற்றை உள்ளும் மேலுமாக அழுத்துவது என்று இவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அழுத்திப் பழக ஒரு தலையணையைக் கொடுத்தாள். "தனியா சாப்பிட விடாதீங்க. ஒரு தடவகூட" என்று விரலை நீட்டிச் சொன்னாள்.

சமையலறைக்குப் பூட்டு வந்தது. கடையில் பாதி நாள் வேலையாக மாற்றிக்கொண்டாள். அவள் இல்லாத அந்த நான்கு மணி நேரம் கீழ் வீட்டுத் தையல்காரம்மா மேலே வந்து, தன் வேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடையில் அவள் கை லென்ஸில் இருக்கும். காது போனில் இருக்கும்.

அவரை வெளியில் கூட்டிப் போவதென்றால் அவளுக்குப் பயம். ஒரு முறை பூங்காவுக்குப் பக்கத்தில், நான்கு வயதுப் பெண் குழந்தை கையிலிருந்த ஐஸ்கிரீமை வெடுக்கென்று பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டார். குழந்தை வீரிட்டது. அதன் அப்பா ஓடி வந்து இவர் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். "அவருக்கு உடம்பு சரியில்லங்க, விட்டுடுங்க, உங்க கால்ல விழறேன்" என்று அவள் கத்தினாள். அந்த ஆள், "உடம்பு சரியில்லாதவன வீட்டுல வை" என்று ஓங்கிய கையை இறக்கினான். சுவரோடு நசுங்கி நின்ற அந்த நிலையிலும், இவர் விரலை நக்கிக்கொண்டிருந்தார். பயம் என்பதே அவர் முகத்தில் இல்லை. அவருக்கும் சேர்த்து அவள்தான் பயப்பட வேண்டியிருந்தது.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அந்தச் சனிக்கிழமை வரும்வரை.

பதினொன்றரை மணி இருக்கும். சமையலறையைத் திறந்து, ஆறு முட்டை வேகவைத்து, ஒரு கிண்ணத்தில் தண்ணீரில் போட்டு மேடைமேல் வைத்திருந்தாள். அவர் முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். குழாயடியில் சிந்தியிருந்த தண்ணீரை அவள் கவனிக்கவில்லை. திரும்பிய வேகத்தில் கால் வழுக்கி, ஊன்றிய வலது கை உடம்பின் அடியில் மாட்டிக்கொண்டது. மணிக்கட்டில் குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். கணுக்காலும் பிசகிவிட்டது. வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"என்னங்க... இங்க வாங்க. விழுந்துட்டேன்."

அவர் வந்தார். வாசல்படியில் நின்று பார்த்தார்.

"கையக் குடுங்க. என்னால எழுந்திரிக்க முடியல."

அவள் முகத்தைப் பார்த்தார். ரோட்டோரத்தில் யாரோ ஒருவருடைய வண்டி பழுதாகி நிற்பதைப் போகிறபோக்கில் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. பிறகு காலைத் தூக்கி அவளைத் தாண்டினார். அவர் குதிகால் அவள் முடியின்மேல் பட்டு இழுத்தது. நேரே மேடைக்குப் போய் ஒரு முட்டையை எடுத்தார்.

"வேணாங்க. ஓடு இருக்கு. வச்சிடுங்க. சொன்னாக் கேளுங்க!"

முதல் முட்டை ஓட்டோடு போயிற்று. நறநறவென்று இரண்டு கடி. இரண்டாவதை முழுதாகத் திணித்தார். அது இறங்குவதற்குள் மூன்றாவதற்குக் கை போனது. அந்தக் கை பாதியில் நின்றது.

இருமல் வரவில்லை. சத்தமே வரவில்லை. இரண்டு கைகளும் கழுத்துக்கு ஏறின. முகம் சிவந்து, பிறகு நிறம் மாறத் தொடங்கியது. அவர் அவளைப் பார்த்துத் திரும்பினார். இரண்டு வருஷமாக அந்தக் கண்ணில் இல்லாத ஒன்று இப்போது இருந்தது. அவர் பயந்திருந்தார். அவளை யாரென்று தெரிந்து, அவளிடம் கேட்கிற கண்ணாக இருந்தது அது.

அவள் இடது கையால் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒற்றைக் காலில் நின்று, உள்ளங்கையால் அவர் தோள்பட்டைகளுக்கு நடுவே அடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

விட்டுவிடு என்று உள்ளே யாரோ சொன்னார்கள். குரல் அவளுடையதுதான். யாரும் உன்னைக் கேட்கப்போவதில்லை. விழுந்து கிடந்தேன், கை முறிந்துவிட்டது என்று சொன்னால் போதும். அதுவும் பொய்யில்லை.

எவ்வளவு நேரம் நின்றது என்று அவளுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவர் முழங்கால் மடங்குவதைப் பார்த்தாள். பார்த்ததும், வாய்விட்டு "ஐயோ" என்று அலறிக்கொண்டு அடித்தாள். மூன்று, நான்கு, ஐந்து. ஒன்றும் நடக்கவில்லை. கட்டிப்பிடித்து அழுத்த வலது கை வரவில்லை. விரல்கள் துணிபோல் தொங்கின. பக்கத்தில் மர நாற்காலி இருந்தது. அவரை இழுத்து, நாற்காலியின் முதுகுக் கட்டை மேல்வயிற்றில் பதியும்படி கவிழ்த்து, தன் உடம்பு மொத்தத்தையும் அவர் முதுகில் போட்டாள். மறுபடியும் போட்டாள். மூன்றாவது தடவை நாற்காலியும் அவரும் அவளுமாகச் சரிந்து விழுந்தார்கள். அந்த விழுகையில்தான் முட்டை வெளியே தெறித்தது.

விசில்போல் ஒரு மூச்சு. இன்னொன்று. அப்புறம் இருமல். அந்த இருமலை அவள் தரையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் இரத்தம் திரும்பியது. கண்ணில் இருந்த பயம் துடைத்ததுபோல் போய்விட்டது. தரையில் கிடந்த முட்டைத் துண்டை நோக்கி அவர் கை நீண்டது.

அவள் அதைக் காலால் தள்ளிவிட்டு, தையல்காரம்மா பெயரைத் தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

அவளுக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டார்கள். நாத்தனார் மறுநாள் காலையிலேயே வந்து இறங்கினாள். மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. நுரையீரலுக்குள் உணவுத் துணுக்குகள் போய்ச் சளி பிடித்திருக்கிறது, நிமோனியா என்றார்கள். வார்டில் சேர்த்தார்கள். ஊசிக் குழாயை இரண்டு முறை பிடுங்கினார். கையைக் கட்டிலோடு கட்டலாமா என்று நர்ஸ் கேட்டபோது, நாத்தனார் தாம்தூம் என்று குதித்தாள்.

"எங்கண்ணன் என்ன திருடனா? கட்டறதுக்கு?" பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "தெரியும்ல அண்ணி? தனியா சாப்பிட விடக் கூடாதுன்னு தெரியும்ல? அப்புறம் எதுக்கு முட்டையத் திறந்து வச்சீங்க?"

வாயைத் திறந்தால் எது வெளியே வருமோ என்று இவளுக்குப் பயமாக இருந்தது. அந்த மூன்று நாளும் கண்ணை மூடினால், ஓங்கிய கை அந்தரத்தில் நிற்பதுதான் தெரிந்தது. அவரைப் பார்த்துப் பயந்தது ஒரு காலம். இப்போது தன் இடது கையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"நான் பாத்துக்கறேன், நீங்க போய்ப் படுங்க" என்று நாத்தனார் அன்று மதியம் அவளை வெளியே அனுப்பினாள். வராந்தாவில் வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் அவள் சாய்ந்தாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நாத்தனார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். முன்கையில் நான்கு பல் தடம். ஒன்றில் இரத்தம் கசிந்தது.

"பக்கத்துக் கட்டில் பெரியவரோட பிரெட்ட எடுக்கப் போனான். தடுத்தேன். கடிச்சிட்டான் அண்ணி." கசிந்த இரத்தத்தை விரலால் துடைத்தாள். "கடிச்சதுகூடப் பரவால்ல. நான் வலியில கத்தறேன், அழறேன். 'அண்ணா, நான்தான்டா'ங்கறேன். எம்மூஞ்சிய ஒரு தடவ பாத்தான். பாத்துட்டு, 'பிரெட் எங்க?'ன்னு கேக்கறான். சின்ன வயசுல எனக்கு முள் குத்தினா அவன் அழுவான், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். சொல்லியிருக்காரு."

"அது எங்கண்ணன் இல்ல."

"அவர்தான்மா" என்றாள் இவள். "வேற யாரோன்னா விட்டுட்டுப் போயிருக்க மாட்டேனா?"

தரை துடைக்கிற பெண் வந்து காலைத் தூக்கச் சொன்னாள், இரண்டு பேரும் தூக்கினார்கள்.

அப்போதுதான் இவள் சொன்னாள். தலையைத் திருப்பாமல், மாவுக்கட்டைப் பார்த்தபடி.

"அன்னிக்கு அவருக்கு மூச்சு அடைச்சப்ப, நடுவுல என் கை நின்னுடுச்சு."

"வலியிலயா?"

"இல்ல. போகட்டும்னு தோணுச்சு."

நாத்தனார் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். கடி பட்ட கையை மற்ற கையால் பொத்திக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. ஒரு மூச்சு நேரம் இருக்கும்."

"அப்புறம் அடிச்சீங்கல்ல?"

"அடிச்சேன்."

"இத என்கிட்ட நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் அண்ணி." எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, வராந்தாவின் கோடிக்குப் போய், படியிறங்கிப் போய்விட்டாள்.

அவ்வளவுதான், ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள் என்று இவள் நினைத்தாள். போலீஸுக்கே போயிருந்தாலும் தப்பில்லை என்றுகூடத் தோன்றியது. உள்ளே போய்க் கட்டிலருகில் உட்கார்ந்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு கொரகொரத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாத்தனார் வந்தாள். கடித்த இடத்தில் ஊசி போட்டுக் கட்டியிருந்தது. கண் வீங்கியிருந்தது.

"ஆபீஸ்ல ரெண்டு மாசம் லீவு சொல்லிட்டேன். டாக்டர் எப்ப வருவாங்க?" என்று மட்டும் கேட்டாள். முந்தின நாள் பேச்சை அவளும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை.

டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். இந்தத் தடவை பிழைத்துக்கொள்வார். ஆனால் விழுங்குகிற தசைகளும் தளர ஆரம்பித்துவிட்டன. சளி மறுபடியும் கட்டலாம், கீழே விழலாம், பேச்சு குறையும். வயிற்றில் குழாய் போடுவதைப் பற்றிக் கேட்டதற்கு, "அவர் அதைப் பிடுங்கிடுவார். போட்டாலும் நிமோனியா வராதுன்னு சொல்ல முடியாது" என்றார். எல்லாவற்றையும் கூழாக அரைத்து, நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னக் கரண்டியில் கொடுக்கச் சொன்னார். பகலில் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லத்தின் முகவரி எழுதிக் கொடுத்தார். எழுந்திருக்கப் போனவளை நிறுத்தி, "நீங்க தூங்கறீங்களா?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்வதற்குள் நாத்தனார் சொன்னாள்: "இல்ல டாக்டர். அண்ணி தூங்கறதில்ல. அவங்களையும் பாக்கணும்."

பன்னிரண்டாம் நாள் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தார். படியேற நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அதில் கண்டக்டரும் ஒருவர். பேச்சு இரண்டு மூன்று சொல்லுக்குச் சுருங்கிவிட்டது. பறிக்கவோ ஓடவோ தெம்பில்லை. அது நிம்மதியாக இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். இருக்கவில்லை. முன்பு அவர் என்ன செய்துவிடுவாரோ என்று பயம். இப்போது அவருக்கு என்ன ஆகிவிடுமோ என்று பயம். சாப்பாட்டு வேளைக்கு இரண்டு பெண்களும் வேண்டும். ஒருத்தி ஊட்டுவாள், இன்னொருத்தி பின்னால் நிற்பாள். கரண்டி உள்ளே போகும். தொண்டைக் குமிழ் மேலே ஏறி இறங்கும்வரை யாரும் மூச்சு விட மாட்டார்கள்.

ஒரு தடவை இருமல் வந்து, அவர் முகம் சிவந்தபோது, பின்னால் நின்ற நாத்தனாரின் கை ஓங்கியது. இருமல் தானாக அடங்கிவிட்டது. நாத்தனார் கையை இறக்காமல் சற்று நேரம் அப்படியே நின்றாள்.

"அண்ணி" என்றாள்.

"ம்."

"ஒண்ணுமில்ல. அடுத்த கரண்டி குடுங்க."

மாவுக்கட்டுப் பிரித்து மூன்று வாரம் கழித்து அவள் கடைக்குத் திரும்பினாள். இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, முதல் லென்ஸைப் பிடித்து ஓரத்தைத் தேய்க்கத் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. போன் அடித்தது. திரையில் நாத்தனார். கை உதறியதில் லென்ஸின் விளிம்பு சில்லாகப் பெயர்ந்தது. போன் ஐந்து முறை அடிக்கும்வரை அவளால் எடுக்க முடியவில்லை.

"அண்ணி, பயப்படாதீங்க. அவன் நல்லா இருக்கான். இந்தப் பெரிய துண்டெல்லாம் எங்க வச்சிருக்கீங்க? தேடித் தேடிப் பாக்கறேன், காணோம்."

"கட்டிலுக்கு அடியில, நீலப் பெட்டில."

"சரி. சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"சாப்பிடுங்க" என்று சொல்லி நாத்தனார் வைத்துவிட்டாள்.

கடைக்காரர் திரைச்சீலையை விலக்கி, "என்னம்மா, வீட்டுல ஏதாவதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். பெயர்ந்த லென்ஸை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துத் துடைத்தாள். கை நிலைக்கும்வரை அதை வெறுமனே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.